சோழவரத்து வளைவில் சண்முகம் மாமா

அப்பா,

இப்போது எந்த ரோட்டோரம் குந்தியிருந்து, எந்தத் தாரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ, அங்கேயே கொஞ்ச நேரம் இருங்கள். ஒரு சேதி சொல்ல வேண்டும்.

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன்.

"இத பேப்பர்ல கீப்பர்ல எழுதிறாதலே" என்று சோழவரத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். நீங்கள் இருந்தவரை எழுதவில்லை. நீங்கள் போன பிறகும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால் அது கோமதி அத்தையின் உத்தரவு. "ஒங்கப்பனுக்கு எழுது. ஊரே படிக்கிற மாதிரி எழுது" என்று சொல்லிவிட்டாள். உங்கள் தங்கை ஒன்றைச் சொன்னால் மறுத்துப் பேச நம் வீட்டில் யாருக்குத் தைரியம் உண்டு? உங்களுக்கே இருந்ததில்லையே.

படிக்கிறவர்களுக்கு நம் வீட்டுக் கதை தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தக் காலம். மதராசுக்கு வடக்கே சோழவரத்தில் விமானம் இறங்கத் தளம் போடுகிறார்கள் என்று ஒரு காண்ட்ராக்டர் தென்காசிப் பக்கம் ஆள் பிடிக்க வந்தார். நீங்கள் அப்போதே கல் வேலையில் பழகியவர். மேஸ்திரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். கோமதி அத்தைக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. சண்முகம் மாமா சுரண்டைக்காரர். விளைச்சல் இல்லாமல் சும்மா இருந்தவரை, "வா மாப்ள, ஆறு மாசம் இருந்துட்டு வரலாம்" என்று நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். சண்டை நடக்கிற நேரத்தில் புது மாப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வீட்டில் எல்லோரும் தயங்கினார்கள். "நான் கூட இருக்கேன்லா" என்று நீங்கள் சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் அனுப்பினார்கள்.

மாமா திரும்பி வரவில்லை. நீங்கள் மட்டும் வந்தீர்கள், மொட்டைத் தலையோடு. கையில் வேட்டித் துணியால் வாய் கட்டிய ஒரு சின்ன மண்பானை. வாந்திபேதி என்றீர்கள். கொள்ளி வைக்க அவர் பக்கத்து ஆள் ஒருவரும் இல்லாததால் மைத்துனன் நானே வைத்தேன் என்றீர்கள். மொட்டைத் தலையைப் பார்த்த பிறகு ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பானையைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், பேரருவித் தண்ணீர் ஆறாக இறங்குகிற இடத்துப் படியில் கரைத்தீர்கள். அத்தைக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ.

அதன் பிறகு ஆடி அமாவாசைதோறும் அத்தையை அந்தப் படிக்கு நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். எள்ளும் தண்ணீரும் நீங்கள் இறைப்பீர்கள். அத்தை ஒரு வெற்றிலையில் பொரிகடலையும் வெல்லமும் வைத்துத் தண்ணீரில் விடுவாள். மாமாவுக்குப் பொரிகடலை என்றால் உயிராம். "வந்துட்டேன். நல்லாத்தான் இருக்கேன். ஒங்க மச்சான்தான் வர வர ரொம்பப் பேசுதாரு" என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லுவாள். நாங்கள் சிரிப்போம். நீங்கள் மட்டும் அந்த நேரத்துக்கு அங்கே நிற்க மாட்டீர்கள். ஈர வேட்டியோடு டீக்கடைப் பக்கம் நடந்துவிடுவீர்கள். ஆம்பிளை அழுவதைத் தங்கை பார்க்கக் கூடாதென்று போகிறார் என நாங்களாக ஒரு காரணம் வைத்துக்கொண்டோம்.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து ரோட்டு வேலையில் மேஸ்திரியாகவே நின்றுவிட்டீர்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் நீங்கள் ஜல்லி கொட்டாத இடம் இல்லை. சாரல் காலத்தில் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கினாலும் உங்களுக்குச் சொந்த அவமானம் மாதிரி. எந்த ரோட்டைப் பார்த்தாலும், "சோழவரத்துல நாங்க போட்டோம் பாரு, அது ரோடு" என்பீர்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் சென்னையில் நிருபராக இருந்தேன். சண்டைக்குப் போட்ட அந்த விமானத் தளத்தில் வருஷாவருஷம் கார் பந்தயம் நடக்கிறது என்று நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. "ஏரோபிளேன் எறங்குன தளத்துல காரு எதுக்குலே ஓட்டுதான்?" என்றீர்கள். அப்புறம் மெதுவாக, "ரோடு இன்னும் கெடக்கா?" என்று கேட்டீர்கள். அந்த வருஷம் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவருக்கு அம்மை போட்டிருந்ததால் பந்தயத்துக்கு என்னை அனுப்பினார்கள். நீங்கள் அப்போது என்னோடு வந்து தங்கியிருந்தீர்கள். கொல்லம் மெயிலில் வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. "நானும் வாரேன்" என்று சலவை வேட்டியை எடுத்து உடுத்திக்கொண்டீர்கள்.

செங்குன்றம் தாண்டியதும் நீங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தீர்கள். எனக்கு அது நல்ல நாளாகத்தான் தொடங்கியது.

எவ்வளவு கூட்டம்! மரத்துக்கு மரம் ஆள். பெட்ரோல் வாடை, புழுதி, வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கிற கல்லூரிப் பையன்கள். நீங்கள் காரைப் பார்க்கவே இல்லை. நேரே தளத்தின் ஓரத்துக்குப் போய்க் குந்தியிருந்து, விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினீர்கள். முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் சோடா விற்றவனிடம், "தம்பி, இது நான் போட்ட ரோடு" என்றீர்கள்.

அவன் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்டியா பெர்சு? நட்டநடுவுல ஒரு புளியமரமும் வச்சிருக்கலாம்ல, நெழலா இருந்திருக்கும்" என்றான்.

"ரன்வேயில புளியமரமா! போலே போக்கத்த பயலே" என்று நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பந்தயம் தொடங்கியது. சத்தத்தில் காது அடைத்துப்போனது. நீங்கள் தளத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கண்ணால் அளந்துகொண்டே வந்தீர்கள். வடக்கு முனையில் கார்கள் வேகம் குறைத்துத் திரும்புகிற வளைவு வந்ததும் உங்கள் பார்வை நின்றுவிட்டது. "ஏலே, இவங்க அங்கன போயா திரும்புதாங்க?" என்றீர்கள். ஆமாம் என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். 

அடுத்த சுற்றில் ஒரு சிவப்புக் கார் அந்த வளைவில் தடுமாறிச் சுழன்று, வைக்கோல் கட்டுகளில் மோதிப் பக்கவாட்டில் கவிழ்ந்தது. கூட்டம் ஓ என்று கத்திக்கொண்டு ஓடியது. நீங்களும் ஓடினீர்கள். அறுபது வயதுக்காரர், சலவை வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல். காருக்குள் இருந்தவனைக் காப்பாற்ற ஓடுகிறீர்கள் என்று நினைத்து நான் பின்னாலேயே வந்தேன். நீங்கள் காரைத் தொடவே இல்லை. அதைச் சுற்றி நின்ற ஆட்களின் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"மிதிக்காதிய! அங்கன மிதிக்காதியலே! எறங்குங்கலே!"

கையில் கொடி வைத்திருந்த ஒரு பையன் உங்களை இடுப்போடு பிடித்து அப்புறப்படுத்தினான். காரை ஓட்டியவன் தானாகவே வெளியே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். ஜனம் கை தட்டியது. நீங்கள் புல்லில் உட்கார்ந்திருந்தீர்கள். 

உங்களைப் பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டி வந்து, ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வெயில் தாக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்.

"மாப்ள அங்கனதாம்லே கெடக்காரு."

எந்த மாப்பிள்ளை என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. குற்றாலத்துத் தண்ணீரில் முப்பது வருஷத்துக்கு முன்னால் கரைத்தவரை நான் எப்படிச் சோழவரத்தில் தேடுவேன்?

பிறகு நீங்கள் சொன்னதை நான் குறிப்பெடுக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"பொழுது அடைஞ்ச பெறவுதான் உசுரு போச்சு. வாந்திபேதிப் பொணத்த விடிய வச்சிருக்கக் கூடாதுன்னு பட்டாளத்துச் சார்ஜன்ட் ஒருத்தன் சொல்லிட்டான். சரி, எரிச்சிருதேன்னேன். அந்தச் சார்ஜன்ட் என்னப் பைத்தியக்காரன் மாதிரி பாக்கான். ஊரெல்லாம் வெளக்க அணைச்சு வச்சிருக்கு. பீடி பத்தவச்சாலே அடிப்பாங்க. மேலருந்து சப்பான்காரன் பாப்பான்னு பயம். அதுல நான் போயிச் செத எரிக்கேங்கேன். குழிய வெட்டு, சுண்ணாம்பப் போடு, மூடுன்னான். தளத்துக்கு அங்கிட்டு வடக்க ஒரு பொட்டல். அங்கனதான். கொள்ளியும் இல்ல, ஒண்ணும் இல்லலே. நானும் அந்தப் பக்கத்துக் கூலியாளு ரெண்டு பேரும். இருட்டுல அவரு மொகத்தக்கூட நான் சரியாப் பாக்கல."

மொட்டை அடித்தது நிஜம்தான் என்றீர்கள். அதை மறுநாள் காலையில் செய்துகொண்டீர்கள். ஊருக்குப் புறப்படுகிற அன்றுதான் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று உங்களுக்கு உறைத்தது. எரிக்கிற குடும்பத்துப் பிள்ளையை மண்ணுக்குள் போட்டுவிட்டேன் என்று யாரிடம் சொல்வீர்கள்? கூலியாட்களுக்குச் சோறு பொங்கிய கோட்டை அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிப் பானையில் போட்டீர்கள்.

"கோமதி அந்தப் பானையக் கட்டிப் பிடிச்சுகிட்டு அழுதா பாரு. அப்பமே சொல்லிருக்கணும். வாய் வரலை."

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன் அப்பா. யுத்தத்தில் இதைவிடக் கொடுமையெல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் நீங்கள் மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு மேற்கொண்டு சொன்னீர்கள். ஊரிலிருந்து திரும்பிப் போனால், தளம் போதாது, பெரிய விமானம் இறங்கப் போகிறது, வடக்கே நீட்டு என்று உத்தரவு வந்திருந்தது. பொட்டலில் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு நேராக மாமாவின் மேல் போனது. அந்தப் பக்கத்து வேலை உங்கள் ஆட்களுக்கு.

"தள்ளிப் போடுங்கன்னு எப்படிலே சொல்லுவேன்? யாரு, என்னன்னு கேப்பாங்கள்லா? கூட வேல பாத்தவன் நம்மூர்க்காரன், ஊர்ல போயிச் சொல்லுவான். கரைச்சாச்சுன்னு சொன்ன நானே, இங்க கெடக்காருன்னு சொல்ல முடியுமா? நானேதான் ஜல்லி கொட்டுனேன். நானேதான் ரோலருக்கு முன்னால நின்னு கை காட்டுனேன்."

முப்பது வருஷமாக ஆயிரம் பேரிடம் நான் பேசியிருக்கிறேன். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், தீயில் வீட்டை இழந்தவர்கள். ஒருவரிடமும் அடுத்த கேள்வி கேட்காமல் வந்ததில்லை. அன்றைக்கு உங்களிடம் ஒன்றும் கேட்க முடியவில்லை. கை காட்டினேன் என்று சொல்லும்போது உங்கள் வலது கை தானாக உயர்ந்து, வா வா என்று காட்டியது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்காமல் விட்ட கேள்விகள் இப்போதும் அப்படியே கிடக்கின்றன. அந்தப் பானையை ரயிலில் மடியில் வைத்திருந்தீர்களா, மேலே பலகையில் வைத்தீர்களா? எதிரே உட்கார்ந்திருந்தவர் அது என்ன என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதன் பிறகு எந்த ரோட்டில் ரோலர் ஓடினாலும் உங்களுக்குச் சோறு இறங்கியதா?

ஊருக்கு வந்தோம். நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த ஆடி அமாவாசைக்கு நானும் குற்றாலத்துக்கு வந்தேன். அத்தை வெற்றிலையைத் தண்ணீரில் விட்டுப் பேசத் தொடங்கியதும் நீங்கள் டீக்கடைப் பக்கம் நடந்தீர்கள். இந்தத் தடவை நானும் உங்கள் பின்னால் நடந்தேன்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்களுக்கு எல்லாம் முறையாக நடந்தது. தென்காசியில் எரித்து, அதே படியில் கரைத்தேன். அன்றைக்கு அத்தை சொன்னதை நீங்கள் கேட்டிருக்க வழியில்லை. தண்ணீரைப் பார்த்து, "அண்ணே, அவரு அங்கனதான் இருக்காரு, போயிச் சேந்துக்கோ. ரெண்டு பேரும் சீட்டாடிக்கிட்டே கெடக்காதிய" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே விசுவம், எனக்குப் புள்ளயா குட்டியா? நீதான். என்னையும் இதே படியிலதான் கரைக்கணும், கேட்டியா? நாப்பது வருசமாக் காத்துக் கெடக்காரு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டுகிறேன் என்று தெரிந்தேதான் ஆட்டினேன்.

இந்த ஆடியில் அவளுக்கு உடம்பு சரியில்லை. படியில் இறங்கவே என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாரல் நல்ல சாரல். வெற்றிலையை விட்டாள், பேசினாள். பேசி முடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தாள்.

"சும்மா தலைய ஆட்டுனாப் பத்தாது. தண்ணியத் தொட்டுச் சத்தியம் பண்ணு. இங்கனதான் கரைப்பேன்னு சொல்லு."

கை தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அவள் இழுக்கிறாள், கை இறங்கவில்லை.

"என்னலே, கைய இழுக்க?"

"வீட்டுக்குப் போயிச் சொல்லுதேன் அத்தை."

 அம்மா போன பிறகு நம் எல்லோருக்கும் சோறு பொங்கிப் போட்டவள், பஸ்ஸில், மடியில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, அடுக்களை வாசலில் உட்கார்ந்து, "இப்பம் சொல்லு" என்றாள்.

சொன்னேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். எதையும் கூட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை. ரோலரையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைச் சிமிழோடு வந்தாள். அப்பா, இது உங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அந்தப் பானையைக் கரைக்கிறதுக்கு முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில் அதிலிருந்து இந்தச் சிமிழ் நிறைய எடுத்து வைத்திருக்கிறாள். அஸ்தியை வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்பதால் பட்டுச் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம். உடம்புக்கு முடியாத நாட்களில் அதில் ஒரு துளி எடுத்து நெஞ்சில் பூசிக்கொள்வாளாம்.

சிமிழைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். "இது சோத்து அடுப்புச் சாம்பலா?"

"ஆமா அத்தை."

கொல்லைப்பக்கம் போனாள். கழுவப் போட்டிருந்த செம்பை எடுத்துக் குழாயடியில் உட்கார்ந்தாள். சிமிழில் இருந்ததை உள்ளங்கையில் கொட்டி, தேங்காய் நாரால் தொட்டு, அந்தச் செம்பை விளக்கத் தொடங்கினாள்.  "அத்தை, வேண்டாம்" என்றேன்.

"ஏன் வேண்டாம்? அடுப்புச் சாம்பல் வேற எதுக்குலே ஆவும்?"

செம்பு பளபளவென்று ஆகிற வரைக்கும் விளக்கினாள். கழுவிக் கவிழ்த்தாள். அதன் பிறகுதான் அழுகை வந்தது. அழுகையோடு ஏச்சும் வந்தது. அதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறாள், எழுதுகிறேன்:

"எண்ணே! நீ உசுரோட இருந்தா அந்த மொட்ட மண்டையில நறுக்குன்னு ஒரு குட்டு வச்சிருப்பேன். நீ பாட்டுக்குப் போயிட்ட. இப்பம் நான் யார ஏச? இந்தப் பயலயா? பொதைச்சேன்னு சொல்லிருந்தா நான் என்ன, ஒன்னத் தூக்கிலயா போட்டிருப்பேன்? அழுதிருப்பேன். அவரு எங்க கெடக்காரோ அங்க பாத்து அழுதிருப்பேன். என்னத் தப்பான எடத்தப் பாத்து அழ வச்சிட்டியேண்ணே!"

இது உங்களுக்கு வந்து சேர்ந்ததா அப்பா? மாற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மறுநாளே, "என்ன அங்க கூட்டிட்டுப் போ" என்றாள். காய்ச்சல் விடட்டும் என்றேன். கேட்கவில்லை. உங்கள் தங்கை அல்லவா. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நம்மூர்ப் பெரிய கோயில் கோபுரத்துக்குக் கட்டியிருக்கிற சாரம் மறைகிற வரை பார்த்துக்கொண்டே வந்தாள். ஆமாம், மொட்டையாக நின்ற கோபுரத்தை எழுப்புகிறார்கள். அதையும் நீங்கள் பார்க்காமல் போய்விட்டீர்கள்.

சோழவரத்தில் அன்று பந்தயம் இல்லை. தளம் வெறிச்சோடிக் கிடந்தது. ஓரத்தில் எருமைகள் மேய்ந்தன. வடக்கு முனை வளைவுக்குக் கூட்டிப்போய், நீங்கள் ஆட்களைப் பிடித்து இழுத்த இடத்தைக் காட்டினேன். "இந்த எடந்தானா? நெசமா?" என்று கேட்டாள். பத்தடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம், ஆனால் இந்த வளைவுதான் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தாரில் உட்கார்ந்தாள். சூடு தாங்காதே என்று துண்டை விரித்துக் கொடுத்தேன்.

"தல எந்தப் பக்கம் வச்சான் ஒங்கப்பன்?"

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லவில்லை. தெற்கே தலை வைத்துத்தானே வைத்திருப்பீர்கள்? அந்த இருட்டில் திசை தெரிந்ததா? அவள் தானாகவே தெற்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, கொண்டுவந்த பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அப்போது ஒரு கார் உறுமிக்கொண்டு வந்தது. பந்தயத்துக்குப் பழகுகிற பையன்கள் இருவர். ஒலிப்பானை அடித்துவிட்டு, "பாட்டி, ஓரமா போங்க" என்றான் ஓட்டியவன்.

"நீ ஓரமாப் போலே" என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.

அவன் இறங்கி வந்தான். நல்ல பையன்தான். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவன் முகம் வெளிறிவிட்டது. காலைத் தூக்கிப் பின்னால் வைத்தான். "இங்கயா சார்? இந்த வளைவுலதான் சார் எல்லாருக்கும் வண்டி சுத்தும். ஏன்னே யாருக்கும் புரியல" என்றான்.

அத்தை நிமிர்ந்தாள். "தூங்குத மனுசன் மேல வருசம் பூரா வண்டிய ஓட்டுனா, பொரண்டு படுக்க மாட்டாரா?" என்றாள்.

பையன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இருவரும் வண்டியைக் கிளப்பவில்லை. தள்ளிக்கொண்டே புல் பக்கம் போனார்கள்.

அத்தை வெகுநேரம் அங்கே இருந்தாள். குற்றாலத்தில் பேசுகிற மாதிரி இங்கே பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. எழும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அவரு மேல மண்ணுதானே கெடக்கு? ரோட்டுக்கு அடியில மண்ணுதானே?" ஆமாம் என்றேன்.

திரும்பும் ரயிலில், விழுப்புரம் தாண்டியிருக்கும், சொன்னாள்.

"விசுவம், எனக்குத் தீ வைக்காதே."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று குனிந்தேன்.

"அவருக்குக் கெடைக்காத தீ எனக்கு எதுக்கு? என்ன எரிச்சு அந்தத் தண்ணியில விட்டா நான் யார்கிட்ட போயிச் சேருவேன்? அங்கன அவரு இல்லியே. என்ன மண்ணுல வையி. தென்காசி மண்ணும் மண்ணுதான், அதுவும் மண்ணுதான். மண்ணு ஒண்ணுதானலே."

"நம்மள்ல பொதைக்கிற வழக்கம் இல்லையே அத்தை. சொந்தக்காரங்க விடுவாங்களா?"

"ஒங்கப்பன் வழக்கத்தப் பாத்தானா?"

 பெட்டியில் எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். உங்களை அவள் மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கத் துணியவும் இல்லை. ஊர் நெருங்கும்போதுதான் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள்.

"நான் செத்த அன்னைக்கு நீ மம்பட்டிய எடுத்தா, கீழப்பாவூர்லருந்து ஒங்க சித்தப்பன் வருவான், சுரண்டையிலருந்து அவரு ஆளுக வருவாங்க. ஒன்ன வளைச்சு நின்னு பேசுவாங்க. நீ ஒத்தையா என்ன செய்வ? அதுக்குத்தான் சொல்லுதேன். இப்பமே எழுது. ஒங்கப்பனுக்கு எழுதுத மாதிரி எழுது. எல்லாரும் படிச்சு வச்சுக்கிடட்டும். அன்னைக்கு ஒருத்தனும் புதுசா வாயத் தெறக்கக் கூடாது."

அதனால்தான் அப்பா, எழுதாதே என்ற உங்கள் சொல்லை மீறினேன். இதைப் படிக்கிற நம் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் இதுவே தகவல். என்னிடம் சண்டை போட வேண்டும் என்றால் இப்போதே வாருங்கள். அத்தை வீட்டில்தான் இருக்கிறாள். அவளிடமே பேசிக்கொள்ளுங்கள்.

அந்த நாள் வரும்போது, அது வெகுகாலம் கழித்து வரட்டும், குழியை நானே வெட்டுவேன். பகலில் வெட்டுவேன். அவள் முகத்தை எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும். தெற்கே தலை வைத்து, என் கையாலேயே மண் தள்ளுவேன். கொள்ளி இருக்காது, பானை இருக்காது. எங்கே வைத்தேன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்த இடத்தைக் காட்டுவேன். இதை உங்களுக்கும் அவளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் மூத்த மகன்,
கோமதி அத்தையின் மருமகன்,
விசுவநாதன்
தென்காசி